அக்கட்டைக்கு ரெண்டு

பூலாம்பட்டித் துறையில் எட்டேமுக்கால் படகு.
கதவணையில் தண்ணீர் முட்ட நிற்கிறது.
திறந்துவிட்டால் இதுவும் கிடையாது,
ஊரெல்லாம் சுற்றிக்கொண்டுதான் போகணும்.

பலகைமேல் வண்டியை ஏற்றினேன்.
முன்சக்கரம் ஏறிவிட்டது, பின்சக்கரம் யோசித்தது.
மாதையன் சீட்டைப் பிடித்து ஒரு தள்ளு.
ஏழு வண்டி, மூன்று பால் கேன்,
தறிக்காரர் ஒருவரின் கோன் நூல் மூட்டை,
வெள்ளைக் கோட்டை மடித்து மடியில் வைத்த
நர்சிங் பிள்ளைகள்,
பைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டும் சேவல்.
சேவலுக்கு டிக்கெட் இல்லை.

படகு விலகிய பிறகுதான் பார்த்தேன்,
இன்ஜின் பெட்டிக்கு அந்தப்பக்கம் பூவாயி.

மூன்று செவ்வாய் பாக்கி.
மூன்று செவ்வாயும் வீடு பூட்டு.
ஒரு தடவை பூட்டிலேயே சாவி தொங்கியது,
உள்ளே குக்கர் விசிலடித்தது.
கேட்காதவன்போல அடுத்த சந்துக்குத் திரும்பினேன்.
மேனேஜருக்கு இது தெரியாது.

இங்கே சந்து இல்லை.
அவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
அவர் தண்ணீரைப் பார்த்தார்.
நான் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன்.

நடு ஆற்றுக்கு வந்ததும்
கையிலிருந்த டேப் நடுங்கியது.
திரையில் சேலத்துக்கும் ஈரோட்டுக்கும் நடுவே
புள்ளி வைத்த கோட்டின் மேலேயே
நீலமாக நான்.
எந்தக் கிளையின் கணக்கில் இருக்கிறேன்
என்று அதற்கே புரியவில்லை.

அப்போது அவர் எழுந்தார்.
பால் கேனைப் பிடித்து, நூல் மூட்டையைத் தாண்டி,
படகு ஒருச்சாய்ந்து நிமிர,
நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"ஏனுங் தம்பி, இதைக் கொஞ்சம் பாருங்" என்று
கண்ணாடி விரிந்த போனை நீட்டினார்.

சுரேந்தர் அனுப்பிய வீடியோ.
ஒரு கப்பல். அதன் வயிறு திறந்து
கார் கார் காராகக் கக்குகிறது.
கையுறை போட்ட கையொன்று தரையைத் துடைத்துக்கொண்டே
படம் பிடிக்கிறது.
"மால்ட்டாங்கறது ஒரு தீவாமாங்.
பக்கத்துல இன்னொரு தீவாமா, கோசோன்னு.
நாள் பூரா இங்கீமே அங்கீமே.
அரை மணி நேரங்கூட ஆகாதாமா.
நம்ம மாதையன் பொழப்புத்தானுங்,
கப்பல்தான் கொஞ்சம் பெருசு."

படிவத்தில் அந்தக் கடன் ஒரு கறவை மாடு.
நானேதான் நிரப்பினேன்.
நிறம் என்ற கட்டத்தில்
செவலை என்றுகூட எழுதினேன்.
செவலை அன்று சாயங்காலமே
திருச்சி ஏஜென்டின் மேசைமேல் படுத்து
விசாவாக எழுந்தது.
இப்போது கடல் தாண்டி நிற்கிறது.
பால் இன்னும் வரவில்லை.

"இன்னொன்னு கேளுங்.
அந்தக் கப்பல்ல போறப்பக் காசே வாங்க மாட்டாங்களாமா.
திரும்பி வர்றப்பத்தானாமாங்,
ரெண்டுக்கும் சேத்தி."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் பதில் சொல்லவில்லை.
வீடியோ முடிந்து தானாக மறுபடி தொடங்கியது.
அங்கே கடல் நம் ஆற்றைவிட நீலம்.
டீசல் புகை ஒன்றுதான்.
சேவல் ஒருமுறை கூவியது,
அந்தக் கப்பலைப் பார்த்தா என்று தெரியாது.

மாதையன் காசுக்கு வந்தான்.
எங்களுக்குப் போகும்போதே வாங்கிவிடுவார்கள்.
நான் சட்டைப்பைக்குள் கை விடுவதற்குள்
பூவாயி சுருக்குப்பையை அவிழ்த்தார்.
"அக்கட்டைக்கு ரெண்டு.
இவருக்கும் சேத்தி. வண்டிக்கும் சேத்தி."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
கடன்காரரிடம் ஒரு டீகூடக் குடிக்கக் கூடாதென்று
பயிற்சியில் இரண்டு நாள் சொன்னார்கள்.
மாதையன் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
அடுத்த ஆளிடம் போய்விட்டான்.

நெருஞ்சிப்பேட்டையில் படகு இடித்து நின்றது.
அவர் முதலில் இறங்கினார், திரும்பிப் பார்க்காமல்.
தங்கச்சி வீட்டில் விசேஷமோ,
வேறெங்காவது கைமாற்றோ, கேட்கவில்லை.
வண்டியை மணலில் தள்ளி ஏற்றி
டேப்பைத் திறந்தேன்.
வராததற்குக் காரணம் கேட்டது.
வீடு பூட்டியிருந்தது.
ஊரில் இல்லை.
பிறகு தருவதாகச் சொன்னார்.

ஆற்றில் இருந்தார் என்று கட்டமில்லை.

மூன்றாவதை அழுத்தினேன்.
எப்போது என்று கேட்டது.