பிமாவின் அத்தர்

விமான நிலையத்தில் எனக்கு அத்தர் விற்கும் வேலை.
போகிறவர்கள் மணிக்கட்டில் ஒரு துளி,
"உலரட்டும் மதாம், பிறகு முகருங்கள்"
ஒரு நாளைக்கு எண்பது தடவை.

வேலை விட்டதும் மாஹெபூர் கடற்கரைக்கு
பிமாவைக் கூட்டிப் போவேன்.
பிமா என்றால் எங்கள் கிரியோலில் மிளகாய்.
அந்தச் செவலைக்கு அது பொருந்தும்.

சொல்லிவைத்தாற்போல் அவளுக்கு மட்டும் அகப்படும்
மூன்று நாள் செத்த மீன்,
வெயிலில் வெடித்த கணவாய்,
ஒருமுறை, புயல் ஓய்ந்த மறுநாள்,
என்னவென்று நான் விசாரிக்காத ஒன்று.
முதலில் மூக்கு. பிறகு இடத் தோள் மெல்லச் சரியும்,
சந்நிதியில் விழப்போகிறவனைப்போல.
கன்னம், கழுத்து, முதுகு.
அப்புறம் நான்கு காலும் வானத்தில்.

கத்தினேன். வாரைப் பிடித்து இழுத்தேன்.
அடித்ததில்லை என்று சொல்ல ஆசைதான்;
ஒருதரம் அடித்தேன், செருப்பால்.
அதன்பின் என் கைக்கு எட்டாத தூரமாய்ப் பார்த்துப்
புரளக் கற்றுக்கொண்டாள்.

வினிகர், எலுமிச்சை, சமையல் சோடா,
பக்கத்து வீட்டு அர்லேத் சொன்ன தக்காளிச் சாறு.
சிவப்புத் தண்ணீர் வழிய வழிய
மீனும் தக்காளியுமாய் நின்றாள்,
தாளிப்பது ஒன்றுதான் பாக்கி.

மிருக வைத்தியர் சங்கிலி சிரித்தார்.
"ஓநாயாய் இருந்த காலத்துப் பழக்கம்.
தன் வாடையை மறைக்கவோ,
எதைக் கண்டேன் பார் என்று கூட்டத்துக்குச் சொல்லவோ.
யாருக்கும் சரியாகத் தெரியாது."
தெரியாது என்று ஒரு டாக்டர் சொன்னது
எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு சீருடையோடு நான் வாசல் நுழைய
பிமா மணிக்கட்டை முகர்ந்தாள்.
தும்மினாள்.
இரண்டடி பின்வாங்கிப் போய்ப் படுத்தாள்,
எந்த மல்லிகையின் பிணத்தில்
இவள் புரண்டுவிட்டு வருகிறாளோ என்று.

இப்போதெல்லாம் கடலை நான் பார்ப்பதில்லை.
அவள் இடத் தோளைப் பார்க்கிறேன்.
சரிவதற்கும் விழுவதற்கும் நடுவே
ஒரு மூச்சு அவகாசம்.
அதற்குள் கூப்பிட வேண்டும், கோபம் கலக்காத குரலில்.
பையில் கோழி ஈரல் இருக்க வேண்டும்.
முதுகு மண்ணைத் தொட்டபின்
யார் கூப்பிட்டும் பயனில்லை.

பத்துக்கு ஏழு தரம் வருகிறாள்.
நேற்று வந்தாள். ஈரலை மெல்லாமல் விழுங்கினாள்.
பிறகு திரும்பி,
மணலில் மினுங்கிக் கிடந்ததையே
பார்த்துக்கொண்டு நின்றாள்,
விலையைக் கேட்டுவிட்டுக்
குப்பியை மெதுவாகத் திருப்பி வைக்கிறவர்கள்
ஒருமுறை பார்ப்பார்களே,
அப்படி.