தீப்பெட்டிப் பலகை

ஆலைக்குள் நெருப்பு போகக் கூடாது.
அதனால்தான் அருவங்காட்டில் என் கடை பிழைத்தது.
தேயிலைப் பெட்டியை உடைத்த பலகையில்
தச்சன் அறுபது அறை வைத்துக் கொடுத்தான்.
அறைக்கொரு தீப்பெட்டி, ஒரு கட்டு பீடி,
மேலே சுண்ணாம்பில் வில்லை எண்.
காலைச் சங்குக்கு ஒப்படைப்பார்கள்,
மாலைச் சங்குக்கு வாங்கிக்கொள்வார்கள்.
நடுவில் அறுபது வீட்டு நெருப்பும் என் பொறுப்பு.
காவலுக்குக் கூலி கேட்டதில்லை.
அரிசியில் சேர்த்துக்கொண்டேன்.

பதினேழாம் எண் குட்டியப்பன்,
எண்ணெய்க் கொட்டகையில் வேலை.
சனிக்கிழமை தலைத்துண்டைத் துவைக்க விடமாட்டான்.
ஞாயிறெல்லாம் அந்த நெடியிலேயே கிடந்தால்தான்
திங்களன்று மண்டை பிளக்காதாம்.
"என்ன கருமம் அது?" என்பாள் மாரக்காள்.
"சம்பளம்" என்பான்.

காளயுக்தி ஐப்பசியில் சண்டை நின்றது.
வெலிங்டனில் பட்டாளத்தார் பேண்டு வாசித்தார்கள்.
நானும் அரை மணங்கு கற்கண்டு விற்றேன்.
தை பிறந்ததும் ஆலை வாசலில் ஒரு பட்டியல்.
அவர்களுக்காக நான்தான் வாசித்தேன்.
எண்ணைச் சொல்லச் சொல்ல
ஒவ்வொருவனாக வந்து
தன் தீப்பெட்டியை எடுத்துக்கொண்டு போனான்.
நாற்பத்தொரு அறை காலி.
"தலைவலி விட்டுப்போச்சு செட்டியாரே"
என்றான் குட்டியப்பன், சிரித்தபடிதான்.
கடன் நோட்டில் அன்று அவனுக்கு முதல் பக்கம்.

சமாதானத்தை நான் பேரேட்டில் படித்தவன்.
பச்சரிசி, புழுங்கலரிசி, ராகி,
பிறகு உப்பு மட்டும்,
பிறகு தேதி மட்டும்.

பைக்காராவில் இரும்புக் குழாய் சுமக்கப் போனான் குட்டியப்பன்.
அங்கே பிறந்த மின்சாரம்
கோயம்புத்தூர் மில்லுக்கு இறங்கியது.
என் கடையில் மண்ணெண்ணெய்தான்.
கோத்தகிரித் தோட்டத்துக்குப் போனான்.
லண்டனில் தேயிலை விழுந்ததாம்,
விழுந்த சத்தம் இங்கே கேட்கவில்லை.
கங்காணி ஐந்து குடும்பத்தை, சட்டிபானையோடு
மேட்டுப்பாளையத்துக்கு நடத்திக்கொண்டு போனபோது தெரிந்தது.
ஜெகதளத்துப் பெள்ளி
உருளைக்கிழங்கு மூட்டையோடு வந்தார், விலை கேட்டார்,
மூட்டையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.
திரும்பத் தூக்கிப்போகும் கூலிக்குக் காணாதாம்.
மழை முடியும்வரை என் கொல்லையில்
அது முளைவிட்டுக்கொண்டிருந்தது.

சித்திரை தவறாமல் சர்க்கார் மலையேறும்.
உதகைக்குப் போகும் முதல் வகுப்புப் பெட்டிகளில்
ஜன்னல்கள் சாத்தியிருக்கும். குளிராம்.

தாது வருஷம் மாசியில் ஓட்டு வந்தது.
வரி ரசீது எனக்கு இருந்தது.
குட்டியப்பனிடம் இருந்ததெல்லாம் என் நோட்டில் இருந்தது.
"மஞ்சப் பெட்டியில போடுங்க" என்று
குன்னூர்ச் சாவடிவரை கூடவே நடந்து வந்தான்.
போட்டேன்.
அவன் முகத்துக்காகவா, பாக்கி வரும் என்றா,
இப்போது சொல்லத் தெரியவில்லை.

பிரமாதி ஆவணியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை,
கிளப்பு ரேடியோ சொன்னதைச் சமையல்காரன் வந்து சொன்னான்.
சரக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பென்சிலைக் கீழே வைத்தேன்.
என் மனசில் முதலில் எழுந்தது என்னவென்று
பிள்ளையாருக்குத் தெரியும். அவர் சொல்லமாட்டார்.

இருபது வருஷம் வாயடைத்துக் கிடந்த
ராத்திரிச் சங்கு ஊதியது.
மறுபடி ஒரு பட்டியல், இந்த முறை ஆள் வேண்டுமென்று.
குட்டியப்பன் மகன் சடையன் சேர்ந்தான்.
குட்டியப்பனையும் சேர்த்தார்கள், நரையைப் பார்க்கவில்லை.

முதல் நாள் மாலை
இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி வந்தான்.
கடைக்குப் பக்கத்துச் சாக்கடையில் குனிந்து வாந்தியெடுத்தான்.
கண்ணில் நீர் வழிய நிமிர்ந்தான்.
"வந்துருச்சு செட்டியாரே.
அதே வலி. அப்படியே வந்துருச்சு."
சடையன் ஒன்றும் பேசாமல்
சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.
அவனுக்கு இது முதல் தடவை.

தீப்பெட்டிகள் தரையில் குவிந்து கிடந்தன.
தச்சனுக்கு ஆள் விட்டேன்.
நூறு அறை, என்றேன்.
பழைய பலகையைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"இதே மரமா?
எத்தனை காலத்துக்கு வேணும்?"

பலாவில் செய், என்றேன்.