கிச்சனரில் பன்னிரண்டு குழிகள்

வேனின் பின்கண்ணாடி உடைந்து கிடந்தது.
டிரில்லைக் கொண்டுபோனவன்
இரண்டு பற்றரியையும் சார்ஜரையும்கூட மறக்கவில்லை.
பிட் பெட்டியை மட்டும்
சீற்றில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.
எண்ணிப் பார்த்தேன். எண்பத்தேழு. ஒன்றும் குறையவில்லை.
தொழில் தெரிந்த கள்ளன்.
எந்தக் கால் எந்த வாய்க்குள் போகும் என்று
பார்த்துப் பார்த்து யார் விற்றுக்கொண்டிருப்பது?

கிச்சனர் என்கிற ஊரில் கிச்சன் பூட்டுவது என் வேலை.
இந்தப் பகிடிக்குத் துவார்த்தே
முதல் நாள் சிரித்தான். பிறகு இல்லை.

பதினாலாம் மாடி. ஐந்து மணியோடு
லிஃப்ட் புக்கிங் முடிகிறது,
விட்டால் அடுத்த புதன்.
தொழிற்சாலை துளைக்க மறந்த ஆறு கதவு,
கதவுக்கு இரண்டு பிணைச்சல்,
பிணைச்சலுக்கு ஒரு குழி:
முப்பத்தைந்து மில்லிமீற்றர் அகலம், பன்னிரண்டு ஆழம்.
பலகையே பதினாறுதான்.
கொஞ்சம் தப்பினால் வெள்ளை முகப்பு வெடிக்கும்.

துவார்த்தே பைப் வேலைக்காரன், போர்த்துக்கல்.
துவாரத்துக்கென்றே வைத்ததுபோல் பெயர்,
அது அவனுக்குத் தெரியாது.
"இந்தா, எல்லாத்துக்கும் இதுதான்" என்று நீட்டினான்.
அது டிரில் இல்லை, இம்பாக்ட் டிரைவர்.
ஆறுபட்டை வாய்;
கால் அங்குலக் காலைத் தவிர
வேறெதற்கும் திறக்காது.
என் பிட்டுக்கோ உருண்டைக் கால், பத்து மில்லிமீற்றர்.

சக் என்றால் மூன்று பல்.
திருநீறு எடுக்கும் மூன்று விரல்போல
நடுவில் கூடும்.
உருண்டையோ பட்டையோ, இரண்டோ எட்டோ,
வந்ததைப் பிடித்துக்கொள்ளும்.
துவார்த்தேயின் பிட் எதுவும் என் பழைய சக்கில் நிற்கும்.
என் பிட் அவன் மெஷினில் நிற்காது.
ஒருவழிப் பாதை.

பைக்குள் துழாவி அடப்டர் ஒன்று தந்தான்,
ஆறுபட்டை வால் முளைத்த குட்டிச் சக்.
துண்டுப் பலகையில் வைத்து அழுத்தினேன்.
ட்ரக்கு ட்ரக்கு என்று இடித்தது,
பிட் தலையாட்டியது,
வந்த குழி வட்டமில்லை,
முட்டை.
முட்டைக்குள் பிணைச்சல் குந்தாது.
மூன்று முப்பத்தைந்து.

ஒன்பதாம் மாடியில் ஓடு பதிக்கிறவர்களிடம் ஓடினேன்.
இருந்தது, பெரிய மெஷின், கொங்கிரீற் துளைக்கிறது.
அதன் பிட்டுகளுக்குக் காலில் தவாளிப்பு.
என்னுடையது மழுமழு.
உள்ளே போய் சுகமாகச் சுற்றி
வெளியே வந்து விழுந்தது.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரப் பெடியன் எவரெட்
ஒரு காதின் ஹெட்போனை மட்டும் நகர்த்தி,
இது உதவுமா என்றான்.
ஒபிஸ் கிறிஸ்மஸ் குலுக்கலில் விழுந்ததாம்.
மூன்று வருடம், பெட்டி பிரியவில்லை.
ஊதா நிறம். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்போல.
நான் பார்த்தது நிறத்தை அல்ல, கழுத்தை:
பொடி எழுத்தில், பத்து.

பல்லை முழுக்கத் திறந்தேன்.
இன்னும் அரைச்சுற்றுக்கு வழி இல்லை.
காலை ஆறு மணி பஸ்ஸில் கடைசி ஆள் ஏறுவதுபோல
உரசிக்கொண்டு இறங்கியது கால்.
பதின்மூன்று கேட்கிற பிட் பெட்டியில் இன்னும் நாலு உண்டு,
அவை இதற்குள் என்றைக்கும் போகாது.
இன்றைக்கு அது கவலை இல்லை.

சார்ஜ் ஏற்ற இருபது நிமிடம் கொடுத்தேன்.
குழிக்கு ஒருமுறை நிறுத்தி
சக்கை இறுக்கி, தூள் ஊதி,
முதலாம் கியரிலேயே, மெல்ல.
பதினோராவதில் குரல் தாழ்ந்தது.
பன்னிரண்டாவதில்
பாதி ஆழத்தில் நின்றது.

மீதியை உளியால் எடுத்தேன்.
எந்தக் கதவு என்று எவரெட்டுக்குச் சொல்லவில்லை,
உங்களுக்கும் சொல்லமாட்டேன்.

ஐந்துக்கு நாலு நிமிடம். லிஃப்ட் இறங்குகிறது.
மடியில் எண்பத்தேழும் குலுங்குகின்றன.
நாளைக்குக் கடைக்காரன்
எந்த பிராண்ட், எத்தனை வோல்ட் என்று கேட்பான்.
நான் பெட்டியைத் திறந்து
ஆகத் தடித்த காலையும் ஆக மெல்லிய காலையும் எடுத்து
வரிசையில் இருக்கிற ஒவ்வொரு வாயிலும்
வைத்து வைத்துப் பார்ப்பேன்.