கணக்கில் வராத காற்று

சிவப்பு விளக்கில் நின்றால் காடி இருமும்.
முள் அறுநூறுக்கு விழும், ஆயிரத்தைந்நூறுக்குத் துள்ளும்,
தூக்கத்தில் எதையோ துரத்துகிற நாயின் வயிறு மாதிரி.
பகாவ் டவுனைக் கடக்க எனக்கு மூன்று சிக்னல்.
மூன்றிலும் ஹார்ன் வாங்கினேன்.

பிளக் மாற்றியாயிற்று. சென்சார் கழுவியாயிற்று.
பெட்ரோல் பங்கை மாற்றச் சொன்னவரிடம்
சம்பளம் இருபத்தெட்டாம் தேதி என்றேன்.

லியோங் பட்டறையில் கம்ப்யூட்டர் கிடையாது.
வாசல் மரத்தடி டத்தோ சாமிக்கு ஏற்றியிருந்த பத்திகளில்
ஒன்றைப் பிடுங்கி வந்தான்,
சாமியிடம் ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான்.
ஓடுகிற எஞ்சின்மேல், கறுப்புப் பிளாஸ்டிக் குழாய்கள் நெடுக
அதை மெல்ல நகர்த்தினான்.
பக்கத்திலேயே பெட்ரோல் லைன் இருந்தது
எங்கள் இருவருக்கும் அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

புகை நேரே எழுந்தது.
நேரே.
நேரே.
மூன்றாவது குழாயின் அடிமடியில்
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல்
வளைந்து உள்ளே போனது.

"போச்சோர், அக்கா. மெனிஃபோல் வெடிச்சிருக்கு."
சென்சார் எண்ணிய காற்றுக்குத்தான் பெட்ரோல் அளந்து ஊற்றுமாம்.
எண்ணாத காற்று பின்வாசலால் நுழைந்தால்
கணக்குக் குழம்பி எஞ்சின் பிதற்றுமாம்.
இதை எனக்கு விளக்க வேண்டியதில்லை.
பதினாறு வருடமாகச் செம்பனை ஆலை எடைமேடையில் இருக்கிறேன்.
குலையோடு உள்ளே வரும் லோரி,
காலியாய் வெளியே போகும் லோரி,
கழித்தால் மிச்சம் என்னவோ அதுதான் என் சோறு.

கழற்றிப் புரட்டினால்
வெடிப்பின்மேல் பழைய பசை.
பசையின்மேல் கறுப்புச் சாயம், தூரிகைக் கோடுகளோடு.
ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து
பொறுமையாகச் செய்த வேலை.
யாரோ.
யாரோ என்ன யாரோ, குணாளன்தான்.
ஆறாயிரத்து ஐந்நூறு வெள்ளியை எண்ணிக்கொண்டு
"உங்களுக்குங்கிறதால கொடுக்கிறேன்கா" என்று
வாஜாவின் சாவியை வெற்றிலையில் வைத்து நீட்டியவன்.

மறுபடி பசை போடலாமா என்றான் லியோங்.
வேண்டாம் என்றேன், கொஞ்சம் சத்தமாக.
சிரம்பானில், வெட்டிய காடிகளை விற்கும் கடையில்
நூற்றெண்பது வெள்ளிக்கு ஒன்று கிடைத்தது.
நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து நடுவுக்கு
நட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான்.
டார்ச் பிடித்த என் கைதான் நடுங்கியது.

மறுநாள் பன்னிரண்டரைக்கு
குணாளன் லோரி மேடையேறியது.
குலைகளிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டச் சொட்ட
இலக்கங்கள் தள்ளாடி
இருபத்திரண்டாயிரத்து நானூற்று எண்பதில் நின்றன.
"காடி எப்படிக்கா ஓடுது?"

பிரிண்டர் கம்பி அறுந்து இரண்டு வாரமாகிறது,
எடையை நானேதான் தட்டுகிறேன்.
டன்னுக்கு இவ்வளவென்று அவனுக்குக் கூலி.
நான்குக்குப் பக்கத்திலேயே இருக்கிறது ஒரு மூன்று.
நூறு கிலோ.
ஈரக் கழிவு என்றால் யார் கேட்கப்போகிறார்கள்?

விரல் அங்கே கொஞ்ச நேரம் இருந்தது.

நான்கையே தட்டினேன்.
சீட்டை நீட்டினேன், கூடவே
நாற்காலிக்கடியில் வைத்திருந்த பழைய மெனிஃபோலை,
இரண்டு கையாலும், சன்னல் வழியாக.
"இது உங்களுது."
வாங்கிக்கொண்டான்.
சாயம் பூசிய பக்கத்தைக் கீழே திருப்பி
மடியில் வைத்துக்கொண்டு கியரைப் போட்டான்.

காலி லோரி திரும்பி வந்தபோதும் அது உள்ளேதான் இருந்தது.
இரண்டு, இரண்டரைக் கிலோ இருக்கும்.
எங்கள் மேடை பத்துப் பத்தாகத்தான் எண்ணும்.
அவனும் என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் மூன்றாவது சிக்னலில்
முள் எழுநூற்றைம்பதில் அசையாமல் நின்றது.
பச்சை விழுந்தது தெரியாமல்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஹார்ன்.