தராசுக்குக் கீழே

நோர்வூட் மழையில் சிக்னல் வந்து வந்து போகும்.
அதனால் அந்த ஜப்பான்காரர்
குனிந்து வணக்கம் சொன்னவர்
நிமிர முடியாமல்,
டை தொங்க, முதுகின்மேல் ஒரு வட்டம் சுற்ற,
வெகுநேரம் அப்படியே நின்றார்.
பிறகுதான் தரை திறந்தது.

தொபுக்கடீர்.
கீழே குளம் நிறையக் கோதுமை மா.

பாஷை எவருக்கும் தெரியாது.
எட்டாம் லயமே ஒரு போனுக்குள்
தலையை விட்டுச் சிரித்தது.
பவளக்கொடி அக்கா மட்டும்
"அந்த மாவுல எத்தன ரொட்டி தட்டலாம்" என்றாள்.
அதற்கும் சிரித்தோம்.

ஏறி வந்தவர் முகமெல்லாம் வெள்ளை.
பலகையைத் தூக்கிக்கொண்டு நாலு பேர்
கைதட்டி ஓடிவந்தார்கள்.
அவர் அவர்களுக்கும் குனிந்தார்.

மறுநாள் மாலை கொழுந்து மடுவம்.
அக்காவின் சாக்குக்கு முள் இருபத்தொன்றில் நின்றது.
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று.
துண்டில் விழுந்தது பதினாறு.

அவள் வாதாடவில்லை.
கூரைத் தகரத்தை அண்ணாந்து பார்த்தாள்.
தூணுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.
குந்தி, தராசுக்குக் கீழேயும்.

"என்னா தேடுற?" என்றார் கணக்கப்பிள்ளை.

"இல்லீங்க, கேமரா எங்கன்னு..."

வரிசை வாய்விட்டுச் சிரித்தது, கடைசி ஆள்வரை.
கணக்கப்பிள்ளைக்கும் அடக்க முடியவில்லை.
சிரித்துக்கொண்டே, ஒரு கணம்,
அவரும் கூரையைப் பார்த்தார்.

பலகையோடு எவரும் வரவில்லை.
பதினாறு பதினாறாகவே இருந்தது.
வெறும் சாக்கை உதறித் தோளில் போட்டவள்
வலது காலால் தரையை
இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டு
நகர்ந்தாள்.