உருப்படி எண் நான்கு

மூன்றாண்டுத் தொழில்நுட்பத் திட்டம்.
பதினோரு பக்க எக்செல் தாள்.
வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் ஏற்ற வேண்டும்,
இரண்டு மெகாபைட்டுக்கு மிகாமல்.

'தற்போதுள்ள கருவிகள்.'
கணினி மூன்று என்று எழுதினேன்.
ஒன்றுக்குள் பல்லி முட்டை இருப்பதை எழுதவில்லை.
இன்னொன்றின் சுவிட்சைப் போட்டால்
பள்ளிக்கூடத்து மோட்டார் நின்றுவிடும்;
பள்ளிக்கும் நூலகத்துக்கும் ஒரே மீட்டர்.
மூன்றாவது நன்றாகவே ஓடும்,
அமலதாஸ் சார் தட்டும் இடத்தில் தட்டினால்.
இதை அதில்தான் அடிக்கிறேன்.

'இணைய வேகம்?'
சில்வர் ஓக் மரத்தடியில் இரண்டு கோடு,
பனி இறங்கினால் ஒன்று.
காப்பிப் பழம் பறிக்கிற மாதங்களில்
அந்த மரத்தடியில் வரிசை நிற்கும்,
கூலி ஏறிவிட்டதா என்று பார்க்க,
சாதிச் சான்றிதழ் இன்னும் 'பரிசீலனையில்' இருப்பதை
இன்னொரு தடவை பார்க்க.
கட்டம் எண்ணை மட்டும்தான் வாங்கும்.
பூஜ்யம் போட்டேன், சிவப்பாகிவிட்டது.
ஒன்று.

'பயிற்சி பெற்ற பணியாளர்?'
நான். மூன்று நாள், ஏதோ ஒரு கோடையில்.
சான்றிதழில் பூச்சி தின்றது போக
என் பெயரும் முத்திரையில் பாதியும் இருக்கின்றன.

'பயனாளர் தேவை, இருநூறு எழுத்துக்குள்.'
வெள்ளைச்சி, பன்னிரண்டாம் வகுப்பு.
நர்சிங் விண்ணப்பம் போட
இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி
அஸ்தம்பட்டி பிரவுசிங் சென்டரில்
நூற்றைம்பது ரூபாயும் ஒரு வேதியியல் தேர்வும் தொலைத்தவள்.
பதினாறு எழுத்து கூடுதல்.
எதை வெட்ட?
தேர்வை வெட்டினேன். உள்ளே போயிற்று.

'தரவுப் பாதுகாப்பு.'
இங்கேதான் விரல் நின்றது.
எங்கள் தரவு நாலாயிரத்துச் சொச்சம் புத்தகம்,
ஒரு இரவல் பதிவேடு.
எங்கள் வைரஸ் ஐப்பசி.
கூரைக்கென்று ஒரு கட்டம் கிடையாது பதினோரு பக்கத்தில்.
சாரைப் பார்த்தேன்.
சார் ஜன்னலைப் பார்த்தார்.
பிறகு, யாருக்கோ சொல்வதுபோல,
"மேலேயிருந்து வருவதைத் தடுப்பதும் பாதுகாப்புதானே" என்றார்.

உருப்படி நான்கு:
பாதுகாப்பு அடுக்கு, மேல்நிலை. எண்ணிக்கை ஆறு.
விலைப்புள்ளி: செவ்வாய்ப்பேட்டை இரும்புக் கடை.

வெள்ளி மதியம் பேருந்தில்
பென் டிரைவைச் சில்லறைப் பைக்குள் போட்டு
சேலம் வரைக்கும் கையை எடுக்கவில்லை.
ஐந்துக்கு நாலு நிமிஷம் இருக்க ஏறியது.

நாற்பது நாள் கழித்துப் பதில்:
"உருப்படி 4, தொழில்நுட்பம்தானா?
உரிய விளக்கம் தருக."

எழுதிக்கொண்டிருக்கிறேன்.
நடுவில் ஒருமுறை எழுந்துபோய்
வாளியைக் கொட்டிவிட்டு வந்தேன்.