கேடயங்களின் மேல் ஒருத்தி

(டாசியா, ரோமப் படை முகாமின் வெளிச்சந்தை)

ஆறு துண்டு பாலாடைக்கட்டிக்கு
ஒரு வெள்ளிக்காசு தந்தான் ருஸ்திக்குஸ்.
பதின்மூன்றாம் படையணிக்காரன், பல்வலிக்காரன்,
பேரம் பேசத் தெரியாதவன்.

கல்லில் தட்டிப் பார்த்தேன்.
செம்பின் மேல் வெள்ளி பூசியது ஒன்றில்
போன மாதம்தான் ஏமாந்திருந்தேன்.
இது கணீரென்றது.

ஒரு பக்கம் வழக்கமான கழுத்து.
இலைவளையத்தின் நாடா பின்னால் பறக்கிறது
காற்றுக்கு இடமே இல்லாத வட்டத்தில்.

திருப்பினேன். ஒரு பெண்.
குவித்த கேடயங்களின் மேல் உட்கார்ந்து
கன்னத்தில் கைவைத்திருக்கிறாள்.

யார் இவள் என்றேன்.
ருஸ்திக்குஸ் நகத்தால் தொட்டுத் தொட்டு
எழுத்துக் கூட்டினான்: டாசியா.
பிறகு தராசைப் பார்த்தபடி சொன்னான்,
"நீங்கள்தான்."

நாங்களா?

எங்களில் யாரும் முக்காட்டை இப்படி முடிவதில்லை.
செதுக்கியவன் ரோமில் இருக்கிறான்.
மாதிரிக்கு யாரை உட்கார வைத்தானோ,
அடுத்த தெருவில் கம்பளி வெளுப்பவளையோ.

அன்று நான் உட்காரவில்லை.
மலைக்கோட்டை எரிந்துகொண்டிருந்தது,
இருபத்திரண்டு ஆடுகள் மடி கட்டிக் கத்தின.
கறந்தேன். பாலில் புகை நாறியது.
இடுப்பில் ஒன்று, முதுகில் ஒன்று,
ஒரு கையில் கோல், மறுகையில் வாளி,
பனி விழும் உயரம் வரை ஏறினேன்.
கன்னத்தில் வைக்க எனக்குக் கை மிச்சமில்லை.

முக்கத்ரா கேடயத்தோடு போனான்.
கேடயமும் வரவில்லை.
அதில் சிவப்பில் அவனே ஓநாய் வரைந்தான்;
நாயாக வந்தது. சிரித்தேன், கோபித்துக்கொண்டான்.
காசை வெயிலுக்குச் சாய்த்துத் தேடினேன்.
இவள் உட்கார்ந்திருக்கும் எதிலும்
அந்த நாய் இல்லை.

காலடியில் கிடக்கும் வளைவாளை மட்டும்
சரியாகவே செதுக்கியிருக்கிறான்,
உள்பக்கம் கூர், அரிவாள் போல.
அதில் ஒன்று என்னிடமும் இருக்கிறது.
பிடியை அறுத்து, நுனியை ஒடித்து வைத்திருக்கிறேன்.
உன் ஆறு துண்டும் அதால் வெட்டியதுதான், ருஸ்திக்குஸ்.

கட்டைவிரலால் தேய்த்தேன்.
எங்கிருந்து வந்த வெள்ளியோ.
மாமியாரிடம் பாம்புத்தலைக் கடகம் ஒன்று இருந்தது,
முழங்கை வரை சுற்றும்; கொள்ளையில் போனது.
உருக்கினால் முப்பது பெண்கள் தேறுவார்கள்,
எல்லாரும் உட்கார்ந்தபடி.

"பிடிக்காவிட்டால் மாற்றித் தருகிறேன்."
பையைத் துழாவி இரண்டு காட்டினான்.
ஒன்றில் சிறகு முளைத்தவள், கையில் மாலை.
இன்னொன்றில் தராசு ஏந்தியவள்;
அவளை நம்பி நான் ஒரு துண்டும் நிறுக்க மாட்டேன்.
வேண்டாம் என்றேன். எடை ஒன்றுதானே.

திராட்சை அறுப்புக்கு முன்னால் வரிக்காரன் வருவான்.
இவளைத்தான் முதலில் எண்ணி வைப்பேன்.
அதுவரை முடிச்சவிழ்ப்பவர்கள் நிறைந்த இந்தச் சந்தையில்
இடுப்பில் முடியப் பயம்.

கன்னத்தில் கைவைத்தவளை
என் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு
அடுத்தவனுக்கு வெட்டினேன்.
விலை கேட்டான்.
வாயைத் திறக்காமல்
விரலைக் காட்டினேன்.